வாழைக்கன்றும் வைரஸ் சோதனைச் சீட்டும்

கோயமுத்தூர் ஜில்லாவில் மேட்டுப்பாளையம், கிணத்துக்கடவு பகுதிகளிலும், ஈரோடு ஜில்லாவில் கோபி, சத்தியமங்கலம் பகுதிகளிலும் வாழை பயிரிடும் குடியானவர்களிற் பலர், இக்காலத்தில் திசு வளர்ப்புக் கன்றுகளை வாங்கி நடுகின்றனர். அவற்றுடன் ‘வைரஸ் இல்லை’ என்னும் சோதனைச் சீட்டும் வருவதுண்டு. அச்சீட்டு எம்மட்டும் நம்பத்தக்கது என்பதை வாங்குவோர் அறிந்திருத்தல் அவசியம்.

முடிக்கொத்து நோயால் விளையும் நஷ்டம் சாமானியமன்று. 1940-ஆம் ஆண்டையொட்டி இலங்கையினின்று மலையாள நாட்டிற் புகுந்ததாகக் கருதப்படும் இந்நோய், பிற்காலத்தில் பழனி மலைச் சரிவுகளில் பேர்பெற்ற விருப்பாட்சி வாழையைப் பெரிதும் அழித்தது. நோயுற்ற தாய்மரத்தின் பக்கக்கன்று சில காலம் நற்கன்று போலவே தோன்றும். கண்ணுக்குப் புலப்படாத அந்நிலையில் பி.சி.ஆர். சோதனையே துணையாகும். வைரஸின் மரபுப்பொருளில் ஒரு துண்டு சுற்றுக்கொரு முறை இரட்டிப்பதால், 30 சுற்றுகளில் அது நூறு கோடிக்கு மேலாகப் பெருகி வெளிப்பட்டுவிடும். 2006-இல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய திசு வளர்ப்புக் கன்றுச் சான்றுத் திட்டமும் வைரஸ் சோதனையை ஆதாரமாகக் கொண்டதே.

ஆயினும் இச்சோதனைக்கும் எல்லை உண்டு. தேடிய வைரஸைப் பற்றியன்றி வேறொன்றைப் பற்றி அது கூறாது. முடிக்கொத்துக்கென்று செய்த சோதனையால், தண்டிலும் பூமடலிலும் செங்கோடுகள் தோற்றுவிக்கும் தேமல் வைரஸ் இல்லையென்று கொள்ளலாகாது. புதிதாக நோய் பற்றிய மரத்தில், வைரஸ் இன்னும் சென்று பரவாத இலையைக் கிள்ளி அனுப்பினால், ‘இல்லை’ என்றே விடை வரக்கூடும். இதற்கு மாறாக, பூவன் போன்ற ரகங்களின் மரபணுவிலேயே கீற்று வைரஸின் துண்டுகள் கலந்திருத்தலால், நோயற்ற மரத்திலும் ‘உண்டு’ என்ற விடை வருவதுண்டு. யாவற்றினும் முக்கியமாக, சீட்டு சோதித்த நாளைக் குறித்ததேயன்றி, வரும் நாட்களைக் குறித்ததன்று. அயல் தோட்டத்து நோய்மரத்தினின்று அசுவினிப் பூச்சி வந்தமர்ந்தால், சுத்தமான கன்றும் கெடும்.

ஆகவே, கன்று வாங்குவோர் எந்தெந்த வைரஸுக்குச் சோதனை நடந்தது, சீட்டு தாம் வாங்கும் தொகுதிக்கே உரியதா என்று கேட்டறிதல் வேண்டும். நட்டபின் வாரந்தோறும் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, இலைக்காம்பில் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சை வரிகள் காணின், முதலில் அசுவினியை மருந்தடித்துக் கொன்று, பின்னர் மரத்தைக் கிழங்கோடு அகழ்ந்து அழித்தல் வேண்டும். இது ஊரார் கூடிச் செய்யத்தக்க காரியம். ஒரு தோட்டத்தார் பணம் செலவிட்டுச் சோதித்த கன்றை நட, அடுத்த தோட்டத்தார் நோய்மரத்தை நிற்கவிடுவது, ஓட்டைச் சாலைக் கொண்டு கவலை இறைப்பதை ஒக்கும்.