ஃபோர்க்கின் எண்ணும் டிராக்டரின் சக்தியும்

நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரிக்குத் தாங்கல் என்று பெயரிட்டார்கள் நம் முன்னோர். அப்பெயர் பூண்ட ஐயப்பன்தாங்கலில், மவுண்ட்–பூந்தமல்லி சாலையை அடுத்த ஒரு கிடங்கில் சென்ற மாதம் நான் கண்ட காட்சியில், எது எதைத் தாங்குவது என்ற பிரச்னையே சந்திக்கு வந்துவிட்டது. சிறு டிராக்டரின் முன் லோடரில் புதிதாகப் பூட்டிய பாலட் ஃபோர்க்கில் ஆறு சிமெண்டு மூட்டைகளை ஏற்றி, உரிமையாளர் லீவரை இழுத்தார். மூட்டைகள் இருந்த இடத்திலேயே இருக்க, பின்சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பிற்று. “ஃபோர்க்கு ஆயிரம் கிலோ தாங்கும் சார், அதுலயே போட்டிருக்கே!” என்றார் அவர். உண்மைதான், போட்டிருந்தது.

அந்த எண் ஃபோர்க்கின் இரும்பைப் பற்றியதேயன்றி, டிராக்டரைப் பற்றியதன்று. 1,000 கிலோ என்பதன் அருகிலேயே 500 மில்லிமீட்டர் என்றும் பொறித்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. சுமையின் மையம் ஃபோர்க்கின் நிமிர்ந்த முகத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கும்வரைதான் அந்த வாக்குச் செல்லும். நீண்ட பிளைவுட் கட்டால் மையம் 750 மில்லிமீட்டருக்கு நகர்ந்தால், 1,000 என்பது 667 ஆகிவிடும். ஃபோர்க்கு வளையும் குதிப்பகுதி பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தாலோ, வலிமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தேய்ந்த ஃபோர்க்கை வெல்டிங் வைத்துச் சரிக்கட்டுவது வைத்தியமாகாது, மாற்றுவதே முறை.

டிராக்டர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். சிறு டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே பின்னின்மேல் ஆடுவதாகையால், வண்டி நான்கு காலில் நிற்பதுபோல் தோன்றினாலும், பக்கவாட்டில் சாயும்போது இரு பின்சக்கரங்களும் அந்தப் பின்னும் சேர்ந்த முக்காலியாகவே நிற்கிறது; சுமையை உயர்த்திக்கொண்டு திரும்புகிறவர், அறியாமலே அந்த முக்காலியின் கூர்முனையில் பாரத்தை வைத்துவிடுகிறார். ஆகவே சுமையைத் தரையை ஒட்டியே கொண்டு செல்வதும், பின்புறம் எதிர்ப்பாரம் பூட்டுவதும் விருப்பத்திற்கு விட்ட காரியங்களல்ல.

டிராக்டரின் பின்புறம் கருவிகளைப் பூட்ட ஹாரி பெர்கூஸன் வகுத்த மும்முனை இணைப்பு, 1960-இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்கூஸன் வண்டிகளால் நம் மெக்கானிக்குகளுக்குக் கைப்பழக்கமானது. முன் அச்சைவிடப் பின் அச்சே பலமுடையதாகையால், பாரம் தூக்க ஃபோர்க்கைப் பின்னால் பூட்டுவதையே நான் விரும்புகிறேன். அங்கும் வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும்; இல்லாவிடில் ஸ்டியரிங் கையிலிருக்கும், வண்டி கையிலிராது.

கிடங்குக்காரருடன் உட்கார்ந்து ஒரு பழைய பில்லின் முதுகில் கணக்குப் போட்டோம். லோடர் கையின் மூட்டிலிருந்து 1.8 மீட்டரில், ஃபோர்க்கைப் பூட்டும் பின்னில் தூக்கும் சக்தி 450 கிலோ, பெருக்கினால் 810. ஃபோர்க்கும் சட்டமும் சேர்ந்து 90 கிலோ. அதே 1.8 மீட்டரால் பெருக்கினால், அது விழுங்குவது 162. மீதி 648-ஐச் சுமையின் மையம் இருக்கும் 2.4 மீட்டரால் வகுத்தால் வருவது 270 கிலோ. பின்னால் எதிர்ப்பாரம் இருந்தாலும் ஹைட்ராலிக்கின் எல்லை அவ்வளவே. எதிர்ப்பாரம் இல்லாமல் அதையும் நம்பலாகாது. மூட்டை ஒன்று 50 கிலோவாகையால், அந்த வண்டிக்கு ஐந்து மூட்டைதான். ஆறாவதை ஆள்தான் சுமக்க வேண்டும்.