ஹ்யூகோ கண்ட புரட்சி

பிரெஞ்சுப் புரட்சியைக் களமாகக் கொண்ட புதினங்கள் பல. அவற்றுட் சில, கொலைக்கருவியின்முன் திரண்டு ஆர்ப்பரித்த கூட்டத்தை மட்டுமே வாசகர் நெஞ்சில் நிறுத்திச் செல்கின்றன. சுத்தானந்த பாரதியார் மொழிபெயர்த்த 'ஏழை படும் பாடு' வழியே தமிழருக்கு அறிமுகமான விக்தர் ஹ்யூகோ, தம் இறுதிப் புதினமாகிய 'தொண்ணூற்று மூன்று' நூலில் (1874) வேறு வழி சென்றார். புரட்சி எத்தனை தலைகளை வீழ்த்தியது என்பதைவிட, எத்தகைய நாட்டை விட்டுச் சென்றது என்பதே அந்நூலின் வினா.

1793 சனவரியில் மன்னர் பதினாறாம் லூயியின் தலை வீழ்ந்தது. மார்ச்சில், கட்டாயப் படைத்திரட்டலை எதிர்த்து மேற்குப் பகுதி உழவர்கள், மன்னராட்சிக்கும் திருச்சபைக்கும் ஆதரவாகக் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியை ஒடுக்கச் சென்ற குடியரசுப் படையில் ஹ்யூகோவின் தந்தையும் ஒருவர்.

புதினத்தின் தொடக்கக் காட்சி ஆழமானது. காட்டில் மூன்று குழந்தைகளுடன் பதுங்கியிருக்கும் மிஷேல் என்னும் ஏழைத்தாயைக் குடியரசு வீரர்கள் காண்கின்றனர். முயல் ஒன்றைப் பிடித்ததற்காக அவள் தந்தையை அடித்து முடமாக்கினார் நிலக்கிழார். சமயம் வேறானதால் பாட்டனார் துடுப்புக் கப்பல் தண்டனைக்கு ஆளானார். உப்புக் கடத்தியதற்காக மாமனாரைத் தூக்கிலிட்டது அரசு. அவள் கணவனோ, அதே அரசருக்காகவும் நிலக்கிழாருக்காகவும் போரிட்டு மாண்டான்! எப்பக்கத்தைச் சார்ந்தவள் என்ற கேள்வியே அவளுக்குப் புரியவில்லை. புரட்சி ஏன் வந்தது என்பதையும், அது யாரைச் சென்றடையவில்லை என்பதையும் ஒருசேரக் காட்டுகிறது இவ்வுரையாடல்.

'கன்வென்ஷன்' என்னும் மக்கள் பேரவையை ஹ்யூகோ விரிவாகத் தீட்டுகிறார். கதை தேங்கி நிற்கும் பகுதி அது. பொறுமையற்ற வாசகர் கடந்து போய்விடக்கூடும். எனினும், புதினத்தின் வாதம் அங்கேதான் உள்ளது. அச்சத்தை ஆட்சிமுறையாக்கிய அதே அவைதான் 1794இல் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தது. 1795இல் மெட்ரிக் அளவை முறையைச் சட்டமாக்கியது. நெப்போலியன் 1802இல் அடிமைமுறையை மீட்டார். 1848இல் அது மீண்டும் ஒழிந்தது. பேரவையின் ஆணைகளுள் மூன்றில் இரு பங்கு மனித நலன் கருதியவை என்பது ஹ்யூகோவின் கணக்கு.

ஆயினும், அவர் பார்வையில் ஒரு குறை உண்டு. மேற்கத்திய உழவரை அறியாமையின் உருவங்களாகவே அவர் பெரிதும் வரைகிறார். 1794இல் அப்பகுதியின் ஊர்களைக் குடியரசுப் படையே எரித்தழித்த கொடுமை, கதையின் கால எல்லைக்கு அப்பால் நின்றுவிடுகிறது.

இறுதிப் பகுதியில் நடுநிலை கலைகிறது. முற்றுகையிலிருந்து தப்பிய மன்னராட்சித் தலைவர் லாந்தனாக், எரியும் கோட்டையில் சிக்கிய மிஷேலின் குழந்தைகளை மீட்கத் திரும்பிவந்து பிடிபடுகிறார். குடியரசுத் தளபதி கோவேன் அவரைத் தப்பவிடுகிறான். அக்குற்றத்திற்காக, அவனை வளர்த்த ஆசானாகிய சிமூர்தேனே அவனுக்குச் சாவுத் தண்டனை விதிக்கிறார். முந்தைய இரவு சிறையில் இருவரும் உரையாடுகின்றனர். ஆசான் கேட்பது படைவீரனை. மாணவன் கேட்பது பள்ளிக்கூடத்தை. மறுநாள் கோவேனின் தலை வீழும் நொடியில் சிமூர்தேன் தம்மைத் தாமே சுட்டுக்கொள்கிறார். சட்டம் வென்றது, அதை வழங்கியவரால் வாழ முடியவில்லை.

இக்கேள்வி 1793க்கு மட்டும் உரியதன்று. 1871இல் பாரிஸ் கம்யூன் எழுச்சி குருதியில் ஒடுக்கப்பட்டது. புதினம் வெளிவந்தபோது அதில் பங்கேற்றோர் பலர் சிறையிலும் நாடுகடத்தலிலும் வாடினர். அவர்களுக்கு மன்னிப்பு வேண்டி 1876இல் மேலவையில் வாதாடித் தோற்றார் ஹ்யூகோ. 1880 சூலையில் முழுப் பொதுமன்னிப்பு வந்தது. பாஸ்டில் வீழ்ந்த 14ஆம் நாளும் அதே மாதம் பிரான்சின் தேசிய விழாவாயிற்று. கோவேன் கேட்ட பள்ளிக்கூடம், 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்களால் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாகவும் கட்டாயமாகவும் திறந்தது.