இடுப்பிலே துப்பாக்கி, பொறுப்பு எங்கே?

தற்காப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு 2024 நவம்பரில் கேட்டது. எவருக்குத் துப்பாக்கி வேண்டும் என்பதே அன்றைய வினா. அதைச் சுமக்கத் தெரியுமா என்று கேட்பாரில்லை. நாம் கேட்கின்றோம்.

நல்லூர்க் கந்தன் சந்நிதிக்குள் ஆடவர் மேற்சட்டை களைந்தே செல்லவேண்டும். சட்டைக்குள் கைத்துப்பாக்கி மறைத்துவரும் பிரமுகர் அதை எங்கே வைப்பார்? பிள்ளைகள் ஏறியிறங்கும் காரின் ஆசனத்துக்கடியிலா? 1975 யூலை 27இல் பொன்னாலைப் பெருமாள் கோயிலடியில் யாழ். முதல்வர் துரையப்பா சுடப்பட்டதை நாம் மறக்கவில்லை. அச்சம் வீணென்றும் கூறோம். ஆனால், அச்சம் அசட்டைக்கு அனுமதிப்பத்திரமன்று. பூட்டிய பெட்டகத்தில் வைத்துவிட்டு வருவதே முறை.

உறையின்றி வேட்டி மடிப்பில் செருகுவது வீரமாம்! துணி விசையிற் சிக்கினால் வெடிப்பது சொந்தத் தொடையில். ரவைக்கூட்டைக் கழற்றியதும் துப்பாக்கி வெறுமையாயிற்றென நம்புவோரும் உளர். குழலறையில் ஒரு ரவை எஞ்சியிருக்கக்கூடும். ஓர் உயிருக்கு அது போதும். அறையைத் திறந்து, கண்ணாலும் விரலாலும் பார்த்தாக வேண்டும். பயிர்காக்கத் துவக்கெடுத்த பழைய கமக்காரனுக்கு, வேலி கடக்குமுன் ரவையைக் கழற்றத் தெரியும். படித்த பெரியவர்களுக்குத் தெரியாதா?

அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வருவோர் அதிகாரி முன்னிலையில் துப்பாக்கியை வெறுமையாக்கிக் காட்டட்டும். காட்ட இயலாதவர் அதை அங்கேயே வைத்துவிட்டு வீடு திரும்பட்டும்.