பிரிவைத் தாங்கும் உறவு

மக்கள் தனித்து வாழ வல்லவர் அல்லர். உண்ண உணவும் உடுக்க உடையும் உறைய இல்லமும் குறைவின்றிப் பெற்ற ஒருவனுக்கும், மனம் கலந்து பேச ஒருவர் இல்லையெனின், வாழ்வு சுமையாகவே தோன்றும். பெற்றோரும் உடன்பிறந்தாரும் பிறப்பால் வாய்க்கும் உறவினர். நண்பரையும் காதல் துணையையுமோ நாமே தேர்ந்துகொள்கிறோம். நாமே தேர்ந்துகொள்ளும் இவ்வுறவுகள் செவ்வியவாயின் உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் பயக்கும்; பிழைபடின் நோய் பயக்கும்.

யான் ஆசிரியப் பணி ஆற்றிய நாளில், திருமணிமுத்தாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து மாணவர் இருவர் நாள்தோறும் ஒன்றாக நடந்து பள்ளிக்கு வருவர். இரவல் தந்த நூலில் ஓர் ஏடு கிழிந்தது. அது காரணமாக இருவரும் பேச்சொழிந்தனர். அவருள் ஒருவன் நாளடைவில் உண்ணவும் படிக்கவும் மனமின்றி மெலிந்தான். அதனைச் சோம்பல் என்று கருதிய யான் அவனைப் பன்முறை கடிந்தேன். திங்கள் சில கழிந்த பின்னரே உண்மை அறிந்தேன். இருவரையும் அழைத்து, அந்நூலை ஒன்றாக அமர்ந்து ஒட்டித் தைக்குமாறு பணித்தேன். அன்று மாலை அவர்கள் ஒன்றாகவே வீடு திரும்பினர். வாடிய பிள்ளையைக் காரணம் வினவாது கடிந்த என் பிழையை எண்ணி இன்றும் வருந்துகிறேன்.

உறவுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை இக்கால அறிவியலாரும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1938 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வொன்று, பல நூற்றுவரின் வாழ்க்கையை இளமை முதல் முதுமை வரை தொடர்ந்து நோக்கியது. 50 ஆம் அகவையில் தம் உறவுகளில் மனநிறைவு பெற்றிருந்தோரே 80 ஆம் அகவையில் பெரிதும் நலத்தோடு விளங்கினர் என்று ஆய்வாளர் கண்டனர். நண்பர் எத்துணையர் என்பதினும் நட்பு எத்தன்மையது என்பதே சிறந்தது என்பது அவர் முடிபு.

அங்ஙனமாயின், நலம் தரும் உறவை அறிவது எவ்வாறு? நெருக்கமே அதற்கு அளவு என்று பலர் கருதுவர். வேற்றுமையையும் பிரிவையும் தாங்கும் வலிமையே அளவு என்பது என் துணிபு.

பண்டைத் தமிழர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். இன்றைய தருமபுரியே பண்டைத் தகடூர். அதனை ஆண்ட அதியமான், தனக்கு அரிதிற் கிடைத்த நெல்லிக்கனியை ஔவையாருக்கு ஈந்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். அவனே ஒருகால் பரிசில் தர நீட்டித்தான். ஔவையார் சினந்து, வாயில் காப்போனை நோக்கிப் பாடிய பாட்டும் புறநானூற்றில் உள்ளது. அச்சினத்தால் நட்பு அழிந்ததா? இல்லை. அதியமான் மாண்டபோது ஆற்றாது அரற்றிப் பாடியவரும் அவரே. சினக்கும் உரிமையை நண்பர்க்கு அளித்தமையால் அந்நட்பு மேலும் உரம் பெற்றது என்க.

நம் காலத்துக்கு அணித்தான சான்றும் உண்டு. இராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராக விளங்கி, 1917 ஆம் ஆண்டில் அந்நகராட்சியின் தலைவரானார். அண்மையில் உள்ள ஈரோட்டு நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர் பெரியார் ஈ. வெ. இராமசாமி. அந்நாளில் தளிர்த்த அவர்தம் நட்புக்கு வந்த சோதனைகள் பல. பெரியார் 1925 இல் காங்கிரசை விட்டு நீங்கினார். 1938 இல், இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, அதனை எதிர்த்துப் பெரியார் சிறை புகுந்தார். 1953 இல் இராஜாஜி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தையும் அவர் வன்மையாக எதிர்த்தார். கடவுட்கொள்கையிலோ இருவரும் இருவேறு துருவத்தினர். எனினும் 1949 இல், தம் சொந்த வாழ்வு பற்றிய பெரிய முடிவொன்றைச் செய்யுமுன், பெரியார் திருவண்ணாமலை சென்று இராஜாஜியைக் கண்டு கலந்து பேசினார். 1972 டிசம்பர் 25 ஆம் நாள் இராஜாஜி மறைந்தார். தொண்ணூறு அகவை கடந்திருந்த பெரியார், சக்கர நாற்காலியில் சுடுகாடு சென்று கண்ணீர் உகுத்தார். ஓராண்டு நிரம்புதற்கு ஒரு நாள் இருக்கையில், 1973 டிசம்பர் 24 ஆம் நாள், அவரும் மறைந்தார். இருவரும் தத்தம் கொள்கையை விட்டிலர், நட்பையும் விட்டிலர்.

நட்புக்கு வேற்றுமை சோதனையாதல் போலக் காதலுக்குக் காத்திருத்தல் சோதனையாகும். இராஜாஜி 1925 இல் திருச்செங்கோட்டுக்கு அருகில், புதுப்பாளையத்தில், காந்தி ஆசிரமம் நிறுவினார். அங்குத் தந்தையுடன் வாழ்ந்தவர் மகள் இலட்சுமி. காந்தியடிகளின் இளைய மகன் தேவதாஸும் இலட்சுமியும் காதல் கொண்டனர். இலட்சுமி அப்போது மிக இளையவர்; இருவரும் வெவ்வேறு சாதியினர். தந்தையர் இருவரும் அக்காதலை இழித்துரைக்கவில்லை. உடனே இசையவும் இல்லை. ஐந்தாண்டுகள் ஒருவரையொருவர் காணாது இருங்கள். அதன் பின்னும் அன்பு மாறாதாயின் மணம் செய்விப்போம் என்று கூறினர். காதலர் இசைந்தனர். அவ்வாண்டுகளில் தேவதாஸ் விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறையும் புகுந்தார். அன்பு மாறவில்லை. 1933 ஆம் ஆண்டில் புனே நகரில் தந்தையர் இருவரின் வாழ்த்தோடு திருமணம் நிகழ்ந்தது.

இந்நிகழ்ச்சி இளைஞர்க்கு ஒரு பாடமும் முதியோர்க்கு ஒரு பாடமும் கற்பிக்கின்றது. உடனே விடை கூறு என்றும், பிறரோடு பேசாதே என்றும், என்னை மறுப்பின் உயிர் விடுவேன் என்றும் அச்சுறுத்துவது காதல் அன்று. அது பிறர் உரிமையைப் பறிக்கும் வேட்கை. அதனால் நெருக்குண்ட உள்ளம் நலம் பெறாது. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ அதனைத் தயங்காது கூறுதல் வேண்டும். இனி, முதியோர் கடமை யாது? சாதி வேறு என்னும் ஒரு காரணம் பற்றிப் பிள்ளைகளின் அன்பை வெறுப்பாலும் வன்முறையாலும் முறிக்க முற்படுதல் பெருந்தீங்கு. அதனால் இளம் உயிர்கள் மாண்ட கொடுமை நம் காவிரிக் கரை ஊர்களிலும் நிகழ்ந்ததுண்டு. காத்திரு என்று கூறுவோர், காலம் நிறைந்தபின் தாம் கூறிய சொல்லைக் காத்தல் வேண்டும். அத்தந்தையர் இருவரும் அதனைச் செய்தனர்.

மாணவர்களே! உங்கள் தோழன் உங்கள் கருத்தை மறுத்தான் என்பதற்காக அவனைப் பகையாகக் கொள்ளாதீர்கள். சின்னாள் பேசாதிருந்த தோழியிடம் முதலில் சென்று பேசுவதை இழிவாக எண்ணாதீர்கள். வகுப்பில் எவனேனும் வாடியிருப்பின், அருகில் அமர்ந்து காரணம் வினவுங்கள். யான் வினவத் தவறிய வினா அது, நீங்கள் தவறாதீர்கள்.