கடல் கடந்த கால்கள்

பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவன் பிறந்த மண்ணுக்கு அந்நியனாகிவிடுகிறான் என்பது நம்மிடையே எளிதாகச் சொல்லப்படும் கூற்று. விளையாட்டு வீரர் என்றால் அது இன்னும் கடுமையாகும். பணத்துக்குக் கால்களை விற்றவர் என்றே சொல்லிவிடுகிறோம். லைபீரியாவின் ஜார்ஜ் வியா அவர்களின் வாழ்க்கையை அறிந்தோர் இவ்வாறு பேசத் தயங்குவர்.

1966இல் பிறந்த வியா, தலைநகர் மன்றோவியாவில் கிளாரா டவுன் என்னும் சேரிப்பகுதியில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர். தொலைபேசி நிறுவனமொன்றில் பணிபுரிந்துகொண்டே பந்தாடினார். கேமரூன் நாட்டுக் கழகமொன்றில் ஆடிய அவரை 1988இல் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் மொனாக்கோவுக்கு அழைத்துக்கொண்டார். 1992இல் பாரிஸ், 1995இல் இத்தாலியின் மிலான் என அவர்தம் பயணம் நீண்டது. ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாயிருந்த ‘பாலோன் தோர்’ எனும் தங்கப்பந்து விருது, பிற நாட்டவர்க்கும் திறந்துவிடப்பட்ட முதல் ஆண்டிலேயே, அதாவது 1995இல், அவரை வந்தடைந்தது. அதனைப் பெற்ற ஆப்பிரிக்க நாட்டு வீரர் இன்றளவும் அவர் ஒருவரே. 1996இல் வெரோனா அணிக்கெதிராகத் தம் கோல் எல்லையருகே பெற்ற பந்தைத் திடலின் முழு நீளமும் தாமே கொண்டு சென்று கோலாக்கியதை இத்தாலியர் இன்றும் பேசுவர்.

அவர் குறையற்றவர் அல்லர். அதே 1996இல் போர்ச்சுகல் வீரர் ஒருவரைத் தலையால் மோதி மூக்கை உடைத்தார். நிறம் சுட்டி வசைபாடினார் என்றார் வியா, அவ்வீரர் மறுத்தார். ஆறு ஆட்டங்களுக்குத் தடை கிடைத்தது.

எனினும் நான் பெரிதாகக் கருதுவது விருதையன்று. 1989 இறுதியில் லைபீரியாவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தேசிய அணிக்குச் சீருடை வாங்கவும் அரசிடம் பணமில்லை. வியா தம் ஊதியத்திலிருந்து சீருடைக்கும் வானூர்திப் பயணத்திற்கும் செலவிட்டார். தாமே ஆடினார், பயிற்சியும் அளித்தார். 1996இலும் 2002இலும் அவ்வணி ஆப்பிரிக்கக் கிண்ணப் போட்டியில் ஆடியது. 2002 உலகக் கிண்ணத் தகுதியை நைஜீரியாவிடம் ஒரே ஒரு புள்ளியில் இழந்தது. போர்க்குழுக்களாய்ப் பிளந்து கிடந்த ஒரு நாட்டில், எல்லாரும் ஒன்றாய் அமர்ந்து ஆரவாரிக்க வேறெதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அயல்நாட்டுச் சம்பளம் இல்லாதிருந்தால் அவ்வணியும் இராது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2005இல் அவர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது, படிக்காதவர் என்ற ஏளனம் எழுந்தது. எலன் ஜான்சன் சர்லீஃபிடம் தோற்றார். பின்னர் அமெரிக்கா சென்று படித்து, 2011இல் வணிக நிருவாகத்தில் பட்டம் பெற்றார். நாற்பதைக் கடந்து வகுப்பறைக்குத் திரும்புவது எளிதன்று. ஆசிரியர்கள் இதனை அறிவர். ஆயினும் பட்டம் இல்லை என்று ஒருவரைத் தள்ளுவதும், பட்டம் வந்ததும் ஏற்பதும் ஒரே பிழையின் இரு முகங்களே. ஆட்சியாளரை ஆட்சியைக்கொண்டே அளத்தல் வேண்டும்.

அவ்வாறு அளந்தால், 2018இல் தொடங்கிய அவர் ஆட்சி அவர் ஆட்டத்துக்கு ஈடாகாது. அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக் கட்டணத்தை நீக்கியது நற்செயலே. ஆனால் விலைவாசி மக்களை வாட்டியது. 2022இல் அவருடைய உயர் அலுவலர் மூவர்மீது ஊழல் குற்றம் சாட்டி அமெரிக்கா தடை விதித்தது. அவ்வாண்டின் இறுதியில் ஒரு மாதத்திற்கும் மேலாக அவர் வெளிநாட்டிலேயே இருந்தார். கத்தார் உலகக் கிண்ணப் போட்டியில் அமெரிக்க அணிக்காக அவர் மகன் திமோத்தி ஆடியதைக் காணச் சென்றதும் அப்பயணத்தில் அடங்கும். தந்தை ஒருநாளும் எட்டாத அரங்கில் மகன் வேல்ஸ் அணிக்கெதிராகக் கோல் அடித்தார். தந்தையாக அவர் அங்கிருந்ததை என்னால் குறைகூற இயலவில்லை. தலைவராக அத்தனை நாள் நாட்டில் இல்லாததைக் குறைகூறாதிருக்கவும் இயலவில்லை.

மறு ஆண்டு நவம்பரில், ஏறத்தாழ ஒரு விழுக்காட்டு வேறுபாட்டில் ஜோசப் போகாயிடம் தோற்றார். இறுதி முடிவு அறிவிக்கப்படுமுன்பே போகாயைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்துக் கூறினார்.