பக் நாய் உங்கள் வீட்டுக்கு ஏற்ற ரகமா?

ஒரு புது நெல் ரகத்தை விதைக்கும் முன் எத்தனை கேள்வி கேட்கிறீர்கள்? எந்தப் பட்டத்துக்கு ஏற்றது, வயது எத்தனை நாள், தண்ணீர் எவ்வளவு வேண்டும், குலைநோயைத் தாங்குமா என்று விசாரித்த பிறகுதான் விதை வாங்குகிறீர்கள். அதே வீட்டில், பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று செல்போனில் வந்த படத்தைப் பார்த்து, பக் அல்லது ஷிட்ஸூ குட்டிக்கு முன்பணம் அனுப்பிவிடுகிறோம். ரகம் தவறினால் ஒரு போகம் போகும். நாயோ பன்னிரண்டு, பதினைந்து வருடம் நம்மோடு இருக்கப்போகிற உயிர்.

நான் உழவியல் படித்தவன். நாய்க்கு வைத்தியம் சொல்வது கால்நடை மருத்துவரின் வேலை. ஆனால் எந்தச் சூழலுக்கு எந்த ரகம் பொருந்தும் என்று பார்ப்பது என் தொழில். அந்தக் கணக்கில் பார்த்தால், தட்டை மூக்குள்ள சிறு நாய்கள் நம் விவசாய வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

வெயில்தான் முதல் கேள்வி

பக் சீனத்து அரண்மனைகளில் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக வளர்க்கப்பட்ட இனம். 2003-ல் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரம் அதை நம் ஊர்வரை கொண்டுவந்தது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். முகம் குட்டையான பக்குக்கு மூக்குத் துவாரமும் மூச்சுப்பாதையும் குறுகல். கரூர், வேலூர் பக்கம் கத்திரி வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதனால் சமாளிக்க முடியாது. டெல்டாவிலும் கடலோரத்திலும் வெயில் சற்றுக் குறைந்தாலும் புழுக்கம் அதிகம். காற்றில் ஈரம் மிகுந்தால் நாக்கின் ஈரம் ஆவியாகாது, இரைத்தும் பயனில்லை.

எச்சில் கெட்டியாகி, நாக்கு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறி, கால் தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வயிற்றிலும் கால்களிலும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, விசிறிவிட்டு, மருத்துவரிடம் ஓட வேண்டும். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

களமும் காடும்

பக்கின் கண்கள் வெளியே துருத்தி நிற்கும். கதிரடிக்கும் தூசியும் சுனையும் பட்டால் எளிதில் புண்ணாகும். ஷிட்ஸூவின் முடி வளர்ந்துகொண்டே இருக்கும், தினமும் சீவ வேண்டும். வரப்பில் ஒரு நடை போய்வந்தால் நாயுருவியும் ஒட்டுப்புல்லும் முடியில் சிக்கிக்கொள்ளும். அடியில் உண்ணி ஏறியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நடவு நேரத்திலும் அறுவடை நேரத்திலும் சீப்பும் கையுமாக உட்கார உங்கள் வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது?

மருந்துக் கணக்கு

நம் வீடுகளில் மறந்துபோகும் ஆபத்து இது. பசு 350 கிலோ என்றால் பக் ஏழு கிலோ, ஐம்பதில் ஒரு பங்கு. மாட்டுக்குக் கலக்கிய உண்ணி மருந்தில் மிச்சத்தை நாய்க்கும் பூசிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. சிறு நாய்க்கு அது உயிருக்கே ஆபத்து. நாய்க்கான மருந்தை, அதன் எடைக்கு ஏற்ப, மருத்துவர் சொன்னபடிதான் தர வேண்டும்.

எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு சேர்ந்ததும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். புரோமடியோலோன் ரத்தத்தை உறையவிடாது. இரண்டும் எலியோடு நாயையும் கொல்லும். மருந்துப் பொட்டலத்தை நாய் எட்டும் இடத்தில் வைக்கும் வீட்டில் எந்த நாயும் பிழைக்காது. சிறு நாய் முதலில் போகும்.

குட்டி போட்டால் விற்கலாமா?

பெண் குட்டி வாங்கினால் வருமானம் வரும் என்று தரகர்கள் ஆசை காட்டுகிறார்கள். பக் குட்டிகளின் தலை பெரிது. பிரசவம் சிக்கலாகி அறுவைச் சிகிச்சை தேவைப்படுவது இந்த இனத்தில் சகஜம். அந்தச் செலவைத் தரகர் கணக்கில் சேர்ப்பதில்லை. 2017-ம் ஆண்டு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, குட்டி போட வைத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆட்டுக்குட்டி விற்பதுபோல் விற்றுவிட முடியாது.

யாருக்குப் பொருந்தும்?

சிறு நாயே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் பெரியவர்களுக்கு அது நல்ல துணை. தீனி குறைவு, மடியில் அடங்கும், ஆள் வந்தால் குரல் கொடுக்கும். மின்விசிறியோடு நிழலான அறை, எப்போதும் வீட்டில் ஓர் ஆள், அவசரத்துக்கு அரை மணி நேரத்தில் எட்டும் கால்நடை மருத்துவர் என மூன்றும் இருந்தால் யோசிக்கலாம். அப்போதும் பக்கைவிட ஸ்பிட்ஸ் மேல். நம்மூரில் பொமரேனியன் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்த இந்தியன் ஸ்பிட்ஸ்தான். மூக்கு நீளம் என்பதால் வெயிலை ஓரளவு தாங்கும். முடியை மட்டும் பராமரிக்க வேண்டும். தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கோ தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டியே போதும். அது இந்த மண்ணில் தேறிய ரகம்.

எந்தக் குட்டியானாலும் எட்டு வாரம் முடியாமல் வாங்காதீர்கள். விற்பதையும் அதே விதிகள் தடுக்கின்றன. தாய் நாயை நேரில் பாருங்கள், தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். பார்வோ வைரஸ் வந்தால் ரத்தக்கழிச்சலில் குட்டி இரண்டு, மூன்று நாளில் போய்விடும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். குட்டிதானே என்று கடியையோ நகக்கீறலையோ அலட்சியம் செய்யாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

முன்பணம் அனுப்பும் முன் ஒரு சோதனை. சித்திரை மாதத்து மதியம் இரண்டு மணிக்கு அந்த நாய் எங்கே படுக்கும் என்று முடிவு செய்யுங்கள். அந்த இடத்தில் நீங்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் பக்காலும் முடியாது. விரிவாக்கப் பணியாளர்களும் அடுத்த கால்நடை முகாமில் இதைச் சொல்லுங்கள். ரகத் தேர்வு விதைக்கு மட்டும் உரியது அல்ல.