உங்கள் பெயரில் ஓர் ஏடு



பிழைப்பின் நிமித்தம் ஊரைவிட்டு வந்து மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் சூரத்திலும் குடியிருக்கிற நம் குடும்பங்களில் அநேகர், என்றாவது ஒரு நாள் சொந்த வீட்டுக்காக வங்கியின் படியேற வேண்டியிருக்கும். சொந்த ஊரானால், "இன்னார் மகன், வாங்கியதைத் திருப்பித் தருகிறவன்" என்று சொல்ல நாலுபேர் இருப்பார்கள். நகரத்து வங்கியில் நம்மை அறிந்தவர் எவருமில்லை. அங்கே நம்மைக் குறித்துச் சாட்சி சொல்வது ஓர் ஏடு. கடன் தகவல் அறிக்கை என்பது அதன் பெயர். பேச்சுவழக்கில் 'சிபில்' என்கிறோம். அந்தச் சாட்சி மெய்யாயிருக்கிறதா என்று நீங்கள் என்றைக்காவது பார்த்ததுண்டா?

ஏட்டில் என்ன இருக்கும்?

சிபில் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இத்துறையை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இயங்குகின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்கள் கடன்தாரர்களைப் பற்றிய விவரங்களை இவற்றுக்கு அனுப்பிவைக்கின்றன. வீட்டுக்கடன், வண்டிக்கடன், கிரெடிட் கார்டு மட்டுமல்ல. தவணையில் வாங்கிய கைப்பேசியும், சகோதரிகள் குழுவாகச் சேர்ந்து வாங்கிய சிறுகடனும் அதில் ஏறும். உங்கள் சேமிப்புக் கணக்கின் இருப்பு அதில் வராது.

இந்த விவரங்களைக் கொண்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. 750-க்கு மேலிருந்தால் நன்று என்பது பொதுவான கருத்து. மதிப்பெண் குறைந்தால் கடன் மறுக்கப்படலாம். அல்லது வட்டி கூடலாம். 20 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்கு எட்டரை சதவீத வட்டியில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 17,360 ரூபாய். ஒன்பதரை சதவீதமானால் சுமார் 18,640 ரூபாய். ஒரே ஒரு சதவீத வேறுபாடு, முடிவில் 3 லட்சம் ரூபாய்க்கு மேல் நம் கையைவிட்டுப் போகச் செய்கிறது. யாரோ செய்த எழுத்துப் பிழைக்காக நம் பிள்ளைகளின் படிப்புப் பணம் போவது எவ்வளவு வேதனை!

நமக்கு ஏன் கூடுதல் கவனம் வேண்டும்?

தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை; தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. எஸ். டேவிட் என்பவர் வடக்கே வந்தால் ஓரிடத்தில் டேவிட் சாமுவேல், வேறோரிடத்தில் சாமுவேல் டேவிட், மற்றோரிடத்தில் வெறும் டேவிட். பான் அட்டையில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம். நம்மவர்களிடையே ஒரே பெயருடையோரும் ஏராளம். இதனால் ஒருவருடைய கடன் மற்றொருவர் ஏட்டில் ஏறிவிடக்கூடும். ஒருவருடைய விவரமே இரண்டு ஏடுகளாகப் பிரிந்தும் கிடக்கலாம்.

வாடகை வீடு மாறும்போது விலாசம் மாறுகிறது; மாநிலம் மாறும்போது சிலருக்குக் கைப்பேசி எண்ணும் மாறுகிறது. உங்கள் ஏட்டை ஒரு நிறுவனம் கேட்டுப் பெறும்போது உங்களுக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பப்பட வேண்டுமென்பது ரிசர்வ் வங்கியின் விதி. பழைய எண் பதிவிலிருந்தால் அந்த எச்சரிப்பு உங்களை வந்து சேராது. உங்கள் பான் நகலைக் கொண்டு வேறொருவர் கடன் வாங்கினாலும் தெரியாமலே போகும்.

பார்ப்பது எப்படி?

2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நிறுவனங்கள் நான்கு, ஆகவே மூன்று மாதத்துக்கு ஒன்றாகக் கேட்டால் ஆண்டு முழுவதும் காவல் இருந்ததாகும். அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பான் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்துப் பெறலாம். நம் ஏட்டை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. குறுகிய காலத்தில் பல இடங்களில் கடனுக்கு விண்ணப்பித்தால்தான் குறையும்.

அறிக்கை கைக்கு வந்ததும் இவற்றைக் கவனியுங்கள்:

1. பெயர், பிறந்த தேதி, பான் எண், விலாசம், கைப்பேசி எண் சரியா?

2. பட்டியலிலுள்ள ஒவ்வொரு கடனும் நீங்கள் வாங்கியதுதானா?

3. அடைத்து முடித்த கடன் 'குளோஸ்டு' என்று பதிவாகியிருக்கிறதா? பேரம்பேசிக் குறைந்த தொகைக்கு முடித்த கடன் 'செட்டில்டு' என்று பதிவாகும். அது பாதகமான குறிப்பே.

4. ஒழுங்காகச் செலுத்திய மாதத்தில் தாமதம் காட்டப்பட்டிருக்கிறதா?

5. நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனம் எதுவும் உங்கள் ஏட்டைக் கேட்டிருக்கிறதா?

6. பிறருக்காக நீங்கள் பிணை நின்ற கடன் என்ன நிலையில் உள்ளது?

கடைசிக் கேள்வியைச் சற்று நிதானமாகப் பாருங்கள். சபையில் பழகியவர், ஊர்க்காரர் என்று ஜாமீன் கையெழுத்திடுகிறோம். அந்தக் கடன் நம் ஏட்டிலும் ஏறுகிறது. அவர் தவணை தவறினால் அது நம் பெயரையும் தொடும். பிணைப்படுவதைக் குறித்து நீதிமொழிகள் பலமுறை எச்சரிப்பதை அறிந்தவர்கள் அல்லவா நாம்!

பிழை கண்டால்?

அறிக்கை தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே முறையீடு பதிவு செய்யலாம். கட்டணமில்லை. கடன் கொடுத்த வங்கிக்கும் எழுத்துமூலம் தெரிவியுங்கள். ஏனெனில் வங்கி ஒப்புக்கொள்ளாமல் தகவல் நிறுவனம் எதையும் திருத்தாது. நிலுவை இல்லை என்ற சான்றிதழ், கணக்கு விவரம், செலுத்திய ரசீது ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். முறையீட்டு எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

முப்பது நாட்களுக்குள் தீர்வு காணப்பட வேண்டும். தவறினால், அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இந்த ஏற்பாடு 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பதில் வராவிட்டாலும், வந்த பதில் நியாயமாயில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். விவரமறிய 14448 என்ற எண்ணை அழையுங்கள். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரிலிருந்தால் காவல்துறையிலும் புகார் கொடுத்து அதன் நகலை முறையீட்டோடு சேருங்கள்.

இன்னும் ஒரு வார்த்தை. "பணம் கொடுங்கள், மதிப்பெண்ணை ஏற்றித் தருகிறோம்" என்று சொல்வோரை நம்பாதீர்கள். மெய்யான தாமதத்தை ஒருவராலும் அழிக்க முடியாது. பிழையைத் திருத்துவதற்கோ பணமே வேண்டியதில்லை. மெய்யாகவே தவணை தவறியிருந்தால், நிலுவையை அடைத்து, இனி வருகிற தவணைகளை நாள் தவறாமல் செலுத்துவதே வழி. 2025 ஜனவரி முதல் கடன் நிறுவனங்கள் குறைந்தது பதினைந்து நாளுக்கொருமுறை விவரங்களைப் புதுப்பித்து அனுப்பவேண்டும். ஆதலால் உங்கள் ஒழுங்கு முன்னைவிட விரைவாக ஏட்டில் தெரியவரும்.

வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கும் நாள்வரை காத்திராதீர்கள். வங்கி மறுத்த பிறகு பிழையைத் தேடினால், திருத்துவதற்குள் முன்பணம் கொடுத்த வீடு கைநழுவிப் போகலாம். குறைந்தது ஆறு மாதம் முன்னதாகவே பாருங்கள். இந்த மாதத்தில் ஓர் ஓய்வு நாள் மாலையில் கணவனும் மனைவியுமாக அமர்ந்து, இருவருடைய அறிக்கைகளையும் எடுத்து வரி வரியாக வாசியுங்கள். ஒருவர் அறியாத கடன் மற்றவர் பெயரில் இருந்தால், அதை முதலில் வங்கி அதிகாரி வாயால் கேட்பதைவிட வீட்டில் பேசித் தெரிந்துகொள்வது நல்லது.